சோழப் புலியின் காரை எலும்பு

சோலைமுத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும்தான் சோழப் புலி. மற்ற ஆறு நாளும் அபுதாபி முஸஃபாவில் ஏசி காற்றுக்குழாய்க்குத் தகரம் வளைக்கிற பட்டறையில் அவனுக்கு வேலை. ஊர் விராலிமலைப் பக்கம். மல்யுத்தம் எதுவும் படித்தவனில்லை. ஊருக்குச் சாமான் அனுப்பக் கார்கோ கடைக்குப் போனபோது ஒரு ஃப்ரிட்ஜைத் தனியாளாகத் தூக்கித் தராசில் வைத்தான். கடை முதலாளி முகம்மது சித்தீக் அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கியது.

சித்தீக் அதிராம்பட்டினத்துக்காரர். கார்கோ அவருக்குச் சோறு போட்டது. ஆசையெல்லாம் மல்யுத்தத்தின் மேல்தான். இரும்புச் சட்டம், ப்ளைவுட் பலகை, பஞ்சு மெத்தை, மேலே தார்ப்பாய் என்று கழற்றி மாட்டுகிற மேடை ஒன்று வைத்திருந்தார். சாமான் ஏற்றாத நாளில் கார்கோ வேன் அந்த மேடையை ஏற்றிக்கொண்டு போகும். மைக் பிடிப்பவரும் அவரே, டிக்கெட் கிழிப்பவரும் அவரே. யார் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவர்தான்.

அந்த முடிவு ஊரைப் பொறுத்தது. முஸஃபாவில் தமிழாட்கள் நிறைய, அதனால் இங்கே சோழப் புலி ஜெயிக்கும். ஷார்ஜாவில் பட்டாணியர் கூட்டம் அதிகம், அங்கே அதே சோழப் புலியைக் காபூல் சூறாவளி புரட்டியெடுக்கும். காபூல் சூறாவளியின் உண்மைப் பெயர் பக்த் ஜமீன். காபூலைக் கண்ணால் பார்த்ததில்லை. பாகிஸ்தானில் ஸ்வாத் பக்கத்தில் பிறந்து, பத்து வருஷமாக அபுதாபியில் டாக்ஸி ஓட்டுகிறவன். ஆறடி இரண்டங்குலம். மேடையில் கர்ஜிப்பான், டாக்ஸியில் யாராவது குரலை உயர்த்திப் பேசினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பான்.

இரண்டு வருஷமாக இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டார்கள். எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எங்கே முதுகைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆட்டம் முடிந்ததும் டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்து ரொட்டியும் தாலும் சாப்பிடுவார்கள். இது சோலைமுத்து தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பது சித்தீக்கின் சட்டம்.

"ஜனங்க உங்கள ஒண்ணா பாத்தா முடிஞ்சுச்சு. வெளிய பாத்தாக்கூட மொறச்சிட்டுப் போவணும்" என்பார்.

சோலைமுத்துவுக்கும் அந்தச் சட்டம் பிடித்துத்தான் இருந்தது. கேம்பில் எட்டுப் பேர் தங்குகிற அறை. அதில் அவன் கட்டில் மட்டும் மரியாதைக்குரியது. பாத்ரூம் வரிசையில் அவனுக்கு முன்னிடம். அறைத்தோழன் அம்மையப்பன் கறி வைத்தால் எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்து இவன் தட்டில் போடுவான். "புலிக்கு வேணும்ப்பா" என்பான். அதையெல்லாம் வாங்கிக்கொண்டவன், இது முன்பே பேசிவைத்த ஆட்டம் என்று எப்படிச் சொல்வான்? ஊரிலிருக்கும் மனைவி உமாராணிக்கு அவன் வெள்ளிக்கிழமை ஓவர்டைம் பார்க்கிறான் என்று மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. அல் ஐனில் ஒரு வீட்டைக் காலி செய்யப் போன கார்கோ வேன் தாமதமாக வந்தது. மேடையை அவசரமாக மாட்டினார்கள். நடுப்பலகையின் திருகாணி இரண்டை யாரும் முடுக்கவில்லை. நாலரை மணிக்கு ஆட்டம். ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாய் வரிகள் தீட்டிக்கொண்டு சோலைமுத்து ஏறினான். துபாய் சத்வாவில் ஒரு தையல்காரர் தைத்துக் கொடுத்த புலிவரி நிஜார் இடுப்பில்.

திட்டப்படி, காபூல் சூறாவளி அவனைத் தோளில் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றி மல்லாக்கப் போட வேண்டும். புலி கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, கூட்டம் கத்தக் கத்த எழுந்து ஜெயிக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் பலகை நகர்ந்தது. பக்த் ஜமீனின் கால் இடுக்கில் இறங்கியது. முதுகு விழ வேண்டிய இடத்தில் சோலைமுத்துவின் இடது தோள் விழுந்தது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவனுக்குக் கண் இருண்டது.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இதுவரை இவ்வளவு தத்ரூபமாக அவன் விழுந்ததே இல்லை.

பக்த் ஜமீன் குனிந்து, "பாய், டூட் கயா க்யா?" என்று முணுமுணுத்தான். உடைந்துவிட்டதா என்று கேட்கிறான். சோலைமுத்துவால் தலையை மட்டும் ஆட்ட முடிந்தது. அந்த ஆறடி மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கூட்டம் அதை வெறி என்று நினைத்தது. என்ன செய்வது என்று பக்த் ஜமீன் சித்தீக்கைப் பார்த்தான். சித்தீக் மைக்கில், "சோழப் புலி எழுந்திருக்குமா? எழுந்திருக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முஸஃபாவில் புலிதான் ஜெயிக்க வேண்டும். பக்த் ஜமீன் நேர்மையான ஆள், சொன்ன வேலையை முடிக்காமல் இறங்கமாட்டான். கயிற்றில் கால் தடுக்கியவன் போலத் தானாகத் தடாலென்று விழுந்தான். உருண்டு சோலைமுத்துவின் பக்கத்தில் வந்து மல்லாந்து படுத்தான். அவனுடைய அடிபடாத வலது கையை மெதுவாக எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். கை நெஞ்சின்மேல் கிடந்தால் அமுக்கிவிட்டதாகக் கணக்கு; நடுவர் மூன்று எண்ணினார். எலும்பு முறிந்து அரை மயக்கத்தில் கிடந்த சோலைமுத்து ஜெயித்துவிட்டான்.

அம்மையப்பன் அழுதே விட்டான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். காரை எலும்பு மூன்று துண்டு. தகடு வைத்துத் திருகினால்தான் தோள் பழையபடி தூக்கும், இல்லாவிட்டால் தகரம் வளைக்கிற வேலையை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். முந்தின வருஷம்தான் கம்பெனி எல்லோருக்கும் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தது. ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் அனுமதி கொடுக்க வேண்டும்.

அவசரப் பிரிவின் வாசலிலேயே சித்தீக் சொல்லிக்கொடுத்தார்.

"எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. மல்யுத்தம்னு வாயத் தொறந்தியோ, கார்டு செல்லாது. எம் பேரு, மேடை, எதுவும் வெளிய வரப்படாது."

சோலைமுத்து அப்படியே சொன்னான். எழுதுகிறவரும் அப்படியே எழுதினார். ஆனால் டாக்டர் கண்ணில் பட்டதையும் ஒரு வரி சேர்த்துவிட்டார்: நோயாளியின் முகத்திலும் மார்பிலும் மஞ்சள், கறுப்பு வண்ணக் கோடுகள் இருந்தன.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

ஆபீஸ் ஹம்தான் தெருவில், எட்டாவது மாடி. கையைக் கழுத்திலிருந்து தொட்டில் மாதிரி துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சோலைமுத்து போய் உட்கார்ந்தான். எதிரே நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர். மேசையில் தாரகன் என்று பெயர்ப்பலகை. யாழ்ப்பாணத்துக்காரர். ஃபைலைத் திறந்தவர், நிமிர்ந்து பார்த்தவர், எழுந்தே விட்டார்.

"நீங்கள்... சோழப் புலி எல்லோ?"

சோலைமுத்து தொட்டில் துணியைச் சரிசெய்தான்.

"நான் வெள்ளிக்கிழமை முன்வரிசையிலை இருந்தனான். ரெண்டு வருசமா ஒண்டும் விட்டதில்லை. உங்கடை ஷார்ஜா ஆட்டத்துக்கும் வந்தனான். இந்த வெள்ளிக்கிழமை அந்த மனுசன் உங்களைப் போட்ட போடு... ஐயோ! எலும்பு முறிஞ்சும் வெண்டனியளே!" சொல்லிக்கொண்டே வந்தவரின் கண் ஃபைலில் விழுந்தது. மெல்ல உட்கார்ந்தார். "இதிலை பாத்ரூமிலை விழுந்ததெண்டு கிடக்கு."

"ஆமா சார்."

"பொய் சொல்லாதேங்கோ. என்ரை கண்ணாலை பார்த்தனான்."

அபுதாபி முழுக்கத் தேடினாலும் கிடைக்காத சாட்சி அவனுடைய ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தாரகன் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "இஞ்சை பாருங்கோ. காசுக்கு ஆடுற விளையாட்டுப் போட்டி, குத்துச்சண்டை, மல்யுத்தப் போட்டி, இதுகளிலை காயப்பட்டால் தர ஏலாது. நான் என்ன செய்ய? நீங்கள் பெரிய வீரன். அதாலைதான் தர ஏலாமல் கிடக்கு."

அந்த வார்த்தையில் சோலைமுத்துவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தோள் வலித்தது.

"சார், அது போட்டியில்ல" என்றான்.

"என்ன?"

"நெசமா போட்டியே இல்ல சார். யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருவோம். நாடகம் மாதிரி. பலகை நழுவிருச்சு, அதுனாலதான் அடி. அவரு எனக்குக் கூட்டாளி சார்."

இரண்டு வருஷத்தில் இன்னொரு மனிதரிடம் இதை அவன் சொன்னதே இல்லை.

தாரகன் பேனாவை மூடினார். "என்ன கதைக்கிறியள்? எலும்பு முறிஞ்ச மனுசன் எப்பிடி வெண்டவன்?"

"அவரே வந்து படுத்துக்கிட்டாரு சார். எங்கைய எடுத்து அவரு நெஞ்சு மேல வச்சதும் அவருதான்."

தாரகன் பாலிசிப் புத்தகத்தையும் மூடினார். "நான் தொண்டை கட்டக் கட்டக் கத்தினனான்" என்றார். பிறகு ஆபீஸ் குரலுக்குத் திரும்பினார். "எழுத்திலை வேணும். உங்களோடை ஆடினவரும், நடத்தினவரும் கையெழுத்து வைக்கவேணும். அந்த ஆளை இஞ்சை கூட்டிக்கொண்டு வாருங்கோ. எனக்கு நம்பிக்கை வந்தால் பார்ப்பம்."

சித்தீக்கின் கடைக்குப் போனான். விஷயத்தைக் கேட்டதும் சித்தீக் டேப் ஒட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே போட்டார்.

"நாடகம்னு எழுதிக் குடுக்கவா? ரெண்டு வருஷமா நான் கட்டுனத நீ ஒரு காயிதத்துல இடிக்கப் பாக்குற சோலை. டிக்கெட் போட்டுத் தர்றேன். ஊருக்குப் போ. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில நல்லா பாப்பாங்க."

"போயிட்டு ஒரு கையோட திரும்பி வந்தா கம்பெனி என்னைய எடுக்குமா பாய்?"

சித்தீக் கீழே போட்ட பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்ப நான் உண்மையான போட்டின்னே எழுதிடுறேன். காசு வாங்கிட்டுப் போட்டி நடத்தினது யாரு, பெர்மிட் இருக்கான்னு அவங்களே கேக்கட்டும்."

சோலைமுத்து மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் மனதில் இருந்த இரண்டு வழியில் அது இன்னொன்று, அவ்வளவுதான். ஆனால் சித்தீக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாலில்லாத சுலைமானி டீ ஒன்று வரவழைத்துக் குடித்தார். சோலைமுத்து எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நாடகம்னா எம் பேருக்குக் கீழ என்ன போடுறது? ஓனர்னா நல்லாருக்காது. கலை இயக்குநர்னு போட்டுக்கவா?"

போட்டுக்கொண்டார்.

மறுநாள் பக்த் ஜமீன் டாக்ஸியை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு எட்டாவது மாடிக்கு வந்தான். தாரகன் அவனைக் கண்டதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு வருஷமாக இந்த ஆளைத் தூய தமிழில் திட்டியவர் அவர். பக்த் ஜமீன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து சலாம் சொன்னான். சோலைமுத்துவுக்கு வலி எப்படி இருக்கிறது, தூங்குகிறானா என்றெல்லாம் அவரிடமே கேட்டான்.

"அடிக்கிறது எப்படின்னு சாருக்குக் காட்டுங்க பாய்" என்றான் சோலைமுத்து, தனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

"இவரையா?"

"ம்."

தாரகன் எழுந்து டையைச் சரி செய்துகொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். பக்த் ஜமீன் ஒரு கர்ஜனை விட்டு, கையை ஓங்கி, காலால் தரையை ஓங்கி மிதித்து, அவர் நெஞ்சில் அறைந்தான். அறை முழுக்க வெடிச் சத்தம். காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பக்கத்து அறைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தாரகன் கண்ணைத் திறந்தார். நெஞ்சைத் தடவினார்.

"நோகேல்லை" என்றார்.

பக்த் ஜமீன், வலித்துவிட்டதோ என்று பயந்து, தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். தாரகன் குடித்தார். பக்த் ஜமீன் உருதுவில் கையெழுத்துப் போட்டான். "தொழிலாளர் கலை நிகழ்ச்சியில் நாடகம் நடிக்கும்போது மேடை சரிந்து விழுந்தது" என்று தாரகனே ஆங்கிலத்தில் எழுதி, மேலதிகாரிக்கு அனுப்பினார். இரண்டு நாளில் அனுமதி வந்தது. ஆறு திருகாணி போட்டுத் தகடு வைத்தார்கள்.

உமாராணி ஃபோனில் கேட்டபோது ஓவர்டைமில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். "இனிமே ஓவர்டைமே பாக்காதீங்க" என்று அழுதாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் தாரகன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்துடன் வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"நான் யோசிச்சுப் பார்த்தனான். அண்டைக்கு அந்த மனுசன் எனக்கு அடிக்கேக்க, ஒஃபீஸ் ஆள் எண்டு பலத்தைக் குறைச்சவர். அது எனக்கு விளங்கும்."

"இல்ல சார். எப்பயும் அப்படித்தான்."

"ஓமோம். நீங்கள் அப்பிடித்தான் சொல்லவேணும். வேறை வழியில்லை." தாரகன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்ல கெட்டித்தனமா எழுதி எடுத்தனியள். நானும் நம்பின மாதிரி எழுதினனான். இப்ப எங்களுக்குள்ளை கதைப்பம். எலும்பு முறிஞ்ச பிறகு அவரை எப்பிடி விழுத்தினனீங்கள்?"

சோலைமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். கெஞ்சுகிற முகம். இல்லை என்று இன்னொரு முறை சொல்லலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

"என்னமோ சார், ஒரு வேகம்" என்றான்.

தாரகன் நிறைவாகத் தலையாட்டினார். எழுந்தவர், நினைவு வந்தவர் போல, "ஒண்டு சொல்ல மறந்திட்டன். வாற வருசப் பாலிசிப் புத்தகத்திலை நாடகம், மேடை நிகழ்ச்சி எல்லாத்தையும் விலக்குப் பட்டியலிலை சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. உங்கடை ஃபைலைப் பார்த்துத்தான். நான்தான் எழுதினனான். வாற வருசம் விழுந்திடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேம்புக்குத் திரும்பியபோது சோலைமுத்து ஒரு தீர்மானத்தோடு இருந்தான். அனுமதிக் கடிதத்தின் நகல் கம்பெனிக்கும் போயிருந்தது. கேம்ப் ஆபீசில் யாரோ படித்து, மெஸ் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். இனிப் பாத்ரூம் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே அறைக்குள் நுழைந்தான். அவனே முந்திக்கொண்டு, "கடுதாசியில இருக்கறது உண்மைதான்ப்பா. எல்லாம் நாடகம்தான். உங்ககிட்ட மறைச்சது தப்பு" என்றான்.

அம்மையப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்கிட்டயேவா? இன்சூரன்ஸ்காரன் தலையிலயே மொளகா அரச்சிட்டியேடா! நாடகமாம்! மூணு துண்டா ஒடஞ்ச எலும்பு நாடகமாம்!"

"நெசமாத்தான் சொல்றேன்டா."

"சொல்லிக்க, சொல்லிக்க. எவனாச்சும் வந்து விசாரிச்சாலும் நாங்க அப்படியே சொல்றோம். நாடகந்தான்!" அறை முழுக்க அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தது. அன்றைக்கும் அவன் தட்டில் எலும்பில்லாத கறி விழுந்தது. சோலைமுத்து அதில் பாதியை அம்மையப்பன் தட்டுக்கே தள்ளினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மையப்பன் ஓடிவந்தான். முகம் சிவந்திருந்தது.

"அந்தக் காபூல்காரன் கேட்டுல வந்து நிக்கிறான்டா! என்ன நெஞ்சழுத்தம்! பசங்க எல்லாம் எறங்கிட்டாங்க. நீ படுத்திரு, நாங்க பாத்துக்கறோம்."

சோலைமுத்து செருப்புக்கூடப் போடாமல் இறங்கினான். கேட்டருகே ஐம்பது அறுபது பேர். நடுவில் பக்த் ஜமீன், கையில் ஒரு தூக்குப் பாத்திரமும் ஒரு பை மாதுளம்பழமும். டாக்ஸியின் கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவன் கையில் இரும்புக் குழாய் இருந்தது.

"அவரு எனக்குச் சாப்பாடு கொண்டாந்திருக்காருப்பா. எனக்குக் கூட்டாளி. விடுங்க" என்று சோலைமுத்து கத்தினான்.

"பாவம், வலியில பேசுறான்" என்றது ஒரு குரல். கூட்டம் இன்னும் ஓரடி நெருங்கியது. குழாய் வைத்திருந்தவன் அதை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான்.

உண்மை மறுபடியும் கைவிட்டது. சோலைமுத்துவுக்கு அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். தொட்டில் கட்டிய கையோடு, சித்தீக் சொல்லிக்கொடுத்த நடையில், தோளை அகட்டி, கூட்டத்தை வலமிருந்து இடமாக ஒரு பார்வை பார்த்தான். ஜனங்கள் தாமாக வட்டமாக விலகி நின்றார்கள்.

"காபூல் சூறாவளி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். "எம்முன்னால நிக்கிற தைரியம் உனக்கு எப்படி வந்துச்சு?"

பக்த் ஜமீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தெரியும். தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். மார்பை நிமிர்த்தி ஒரு கர்ஜனை விட்டான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இந்தப் புலி ஜெயிச்சுட்டான்! தோத்தவன் வாசல் தேடி வந்தா அடிக்கிறது புலிக்கு அழகில்ல!" சோலைமுத்து வலது கையை நீட்டினான். உதட்டை அசைக்காமல் ஹிந்தியில், "மண்டி போடு பாய், ஜல்தி" என்றான்.

பக்த் ஜமீன் மண்டியிட்டான். நீட்டிய கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அந்தத் தோளை நினைத்துத்தான் வந்தது. கேட்டருகே அறுபது பேரும் ஒரே குரலில் கூவினார்கள். இரும்புக் குழாய் மணலில் விழுந்தது. அம்மையப்பன் ஓடிவந்து பக்த் ஜமீனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டி, "ஒன்னும் கவலப்படாத பாய். எங்க புலிக்கு மன்னிக்கத் தெரியும்" என்றான்.

நாலு பேர் சோலைமுத்துவைத் தோளில் தூக்க வந்தார்கள். "கை, கை! இடது பக்கம் தொடாதீங்க!" என்று அலறினான். அதைக் கேட்டு மறுபடி கைதட்டினார்கள்.

பக்த் ஜமீனை அறைக்கு அழைத்துப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தார்கள். தூக்குப் பாத்திரத்தைத் திறந்தால் ஆட்டுக்கால் சூப்பு. எலும்பு கூடுவதற்கு நல்லது என்று அவன் மனைவி ஃபோனில் சொன்னாளாம். அம்மையப்பன் முதலில் ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, விஷம் இல்லை என்று உறுதி செய்துகொண்டான். பிறகு இன்னொரு கரண்டி குடித்தான்.

"நல்லாத்தான்டா வச்சிருக்கான்" என்று தன் டம்ளரையும் நீட்டினான்.